பகைவன் சூட்டிய பெயர்

மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில், நாகசேனர் என்ற பிக்குவைத் தேடி வரும் அரசன் முதலில் கேட்பது அவருடைய பெயரை. அரசன் கிரேக்க வம்சத்தவன். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சாகலா நகரிலிருந்து வடமேற்கு இந்தியாவை ஆண்ட மெனாந்தரைத்தான் பாலி நூல் மிலிந்தன் என்கிறது. பிக்கு பெயரைச் சொல்கிறார். சொன்ன கையோடு, அது கூப்பிடுவதற்காக வைத்துக்கொண்ட ஒரு குறிதான், அந்தக் குறிக்குள் தனியாக ஓர் ஆள் கிடையாது என்றும் சொல்லிவிடுகிறார். அரசன் உடனே மடக்குகிறான். ஆளே கிடையாது என்றால், நாளைக்கு ஒருவன் வந்து உம்மைக் கொன்றாலும் அது கொலை ஆகாதே என்கிறான்.

இதற்கு விடையாகத்தான் பௌத்த உலகம் முழுவதும் அறிந்த அந்தத் தேர் வருகிறது. நீ ஏறி வந்த தேர் எது என்று பிக்கு கேட்கிறார். ஏர்க்காலா, அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். தனித்தனியே எதுவும் தேர் அல்ல. எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் தேர் கிடையாது. பாகங்கள் கூடி நிற்கும்போது நாம் வழக்கில் வைத்துக்கொள்ளும் பெயர் தேர். நாகசேனன் என்ற பெயரும் அப்படித்தான் என்கிறார். அரசன் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறான்.

என்னால் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொலையைப் பற்றி அரசன் கேட்ட கேள்வி அங்கேயே நிற்கிறது. தேர் என்பது அன்றைக்குப் போர்க்கருவி என்பதும் என் மனத்தை விட்டுப் போவதில்லை. அதற்குக் காரணம் என் தொழில். கடற்படையின் விமானப் பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் டியூ-142 என்ற ரஷ்ய விமானத்தின் அடியில் கழிந்தது. அந்த விமானத்தைச் செய்தவர்கள் அதற்கு வைத்தது ஓர் எண். அதைத் தூரத்தில் நின்று வேவு பார்த்தவர்கள் வைத்தது ஒரு மிருகத்தின் பெயர். மேற்கு நாடுகளின் பட்டியலில் அது 'கரடி'.

பகைவனின் கருவிக்கு நாம் ஒரு பெயர் வைக்கிறோமே, அந்தப் பெயர் எதைக் காட்டுகிறது? எதை மறைக்கிறது? அது மறைப்பதற்கு நாம் பொறுப்பா? இந்த மூன்று கேள்விகளையும் நான் இராணுவக் கேள்விகளாக நினைக்கவில்லை. அறத்தைப் பற்றிய கேள்விகளாகவே அவை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த வழக்கம் முறையாகத் தொடங்கிய இடம் ஆஸ்திரேலியா. 1942இல் தென்மேற்கு பசிபிக்கில் போரிட்ட நேசநாட்டு விமானப்படைக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஜப்பானியர்கள் தங்கள் விமானங்களுக்கு அவை சேவைக்கு வந்த ஆண்டை வைத்து எண் கொடுத்தார்கள். அந்த ஆண்டும் அவர்களுடைய மரபுக் கணக்குப்படியான ஆண்டு. நமக்கு 1940 என்றால் அவர்களுக்கு 2600. கடைசி எண் சைபர் என்பதால்தான் அந்த ஆண்டின் மிட்சுபிஷி போர் விமானம் 'ஜீரோ' ஆயிற்று. 1937, அவர்கள் கணக்கில் 2597. ஆகவே '97' என்று ஒருவர் சொன்னால் அது தரைப்படையின் 97 போர் விமானமாக இருக்கலாம், தரைப்படையின் 97 குண்டுவீச்சு விமானமாக இருக்கலாம், கடற்படையின் 97 டார்பிடோ விமானமாகவும் இருக்கலாம். சாலமன் தீவுகளின் மலைச்சரிவில் வயர்லெஸ் கருவியோடு ஒளிந்திருக்கும் ஒரு கண்காணிப்பாளருக்கு இதையெல்லாம் பிரித்துச் சொல்ல அவகாசம் ஏது? தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டிருக்கும்போது இரைச்சலில் ஒரே சொல்லில் சொல்லியாக வேண்டும்.

டென்னசியைச் சேர்ந்த கேப்டன் ஃபிராங்க் மெக்காய் என்ற உளவுப் பிரிவு அதிகாரி, உதவியாளர்கள் இருவரோடு மெல்போர்னில் உட்கார்ந்து இதற்கு ஒரு வழி செய்தார். போர் விமானங்களுக்கு ஆண் பெயர். குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயர். பயிற்சி விமானங்களுக்கு மரங்களின் பெயர், கிளைடர்களுக்குப் பறவைகளின் பெயர். முதலில் வந்தவற்றில் பல டென்னசி கிராமங்களில் அழைக்கும் பெயர்கள்: ஜீக், ரூஃப், நேட், ஜேக். உலகையே அஞ்ச வைத்த ஜீரோ, அந்தப் பட்டியலில் ஜீக் என்று ஒரு பக்கத்து வீட்டுப் பையனைப் போல நின்றது. மேலே நான் சொன்ன மூன்று 97களும் நேட், சாலி, கேட் என்று தனித்தனியாகப் பிரிந்தன.

இந்தப் பெயர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காவல் காப்பவன் தர்மம் அது. வருவது எது என்று சரியாகச் சொல்லத் தெரிந்ததால் எத்தனையோ பேர் பதுங்குகுழிக்குள் ஓடி உயிர் பிழைத்திருப்பார்கள். ஆனால் அதே பட்டியலில் நடந்த ஒரு சம்பவம் என்னை யோசிக்க வைத்தது. ஜீரோவில் இறக்கை முனை சதுரமாக வெட்டப்பட்ட ஒரு வகை வந்தது. அதைத் தனி விமானம் என்று எண்ணி 'ஹேப்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கத் தரைப்படையின் விமானப் படைகளுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் ஹென்றி ஆர்னால்டை எல்லோரும் அழைத்த பெயரும் ஹேப்தான். அவருக்கு அது பிடிக்கவில்லை. பெயர் 'ஹேம்ப்' என்று மாற்றப்பட்டது. சாலி என்ற குண்டுவீச்சு விமானத்துக்கு முதலில் வைத்த பெயர் ஜேன். ஜெனரல் மெக்ஆர்தரின் மனைவியின் பெயரோடு அது ஒட்டி நின்றதால் அதையும் மாற்ற வேண்டி வந்தது.

பெயர் வெறும் குறி என்றால் ஒரு ஜெனரல் ஏன் மனம் கோண வேண்டும்? வானத்தில் கண்டதும் சுட்டு வீழ்த்த வேண்டிய ஒன்றின்மேல் தன் பெயர் ஒட்டியிருப்பதை எந்த மனிதனும் சும்மா விடுவதில்லை. பெயரோடு உயிர் எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அவரவர் பெயர் வரும்போதுதான் தெரிகிறது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார்கள். அர்ச்சகர் அதைத் தவறாக உச்சரித்தால் எட்டிப்பார்த்துத் திருத்துகிறோம். கடவுளுக்கு ஆயிரம் பெயர் இருக்கலாம், நமக்கு இருப்பது ஒன்று. அது சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறோம். மெக்காயோ தன் மனைவி லூயிஸின் பெயரையும் மகள் ஜூனின் பெயரையும் ஜப்பானிய விமானங்களுக்கு வைத்தார். வீட்டை விட்டு வெகுதூரம் வந்த ஒரு மனிதன், நாள் முழுக்க உச்சரிக்கும் சொற்களில் வீட்டைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டதாக அதை நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பட்டியலில் இன்னொரு அதிசயமும் உண்டு. அதில் சில பெயர்களுக்குப் பொருளே கிடையாது. ஜெர்மனி ஜப்பானின் கூட்டாளி என்பதால் ஜெர்மன் விமானங்கள் பசிபிக் வானில் வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஸ்டூகா என்ற குண்டுவீச்சு விமானத்துக்கு 'ஐரின்', மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கு 'மைக்', ஃபோக்வுல்ஃப் 190க்கு 'ஃபிரெட்' என்று பெயர்கள் தயாராகக் காத்திருந்தன. ஜப்பானியப் படைகளில் அவை போருக்கு வரவே இல்லை. 'கஸ்' என்ற பெயர் இன்னும் விநோதம். ஒரு ஜப்பானிய இதழில் வந்த கற்பனை விமானத்தின் படத்தை நிஜம் என்று நம்பி வைத்த பெயர் அது.

நம் தர்க்க நூல்களைப் படித்தவர்களுக்கு இது பழைய வழக்கு. முயற்கொம்பு, ஆகாயத் தாமரை, மலடி மகன் என்று சொல்லிச் சொல்லி நம் ஆட்கள் விவாதித்தது இதைத்தான். சொல் இருக்கிறது, அதைக் கேட்டதும் மனத்தில் ஏதோ தோன்றுகிறது. ஆனால் உலகில் பொருள் இல்லை. அப்படியானால் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது? நியாய மரபினர் சொன்ன விடை எனக்குப் பிடிக்கும். முயல் உண்டு, கொம்பும் உண்டு, இரண்டுக்கும் உள்ள சேர்க்கைதான் இல்லை. பிழை சேர்க்கையில் இருக்கிறது. ஐரினையும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம். ஸ்டூகா உண்டு, ஜப்பானும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தது அச்சம். பகைவனைப் பற்றிய நம் அறிவில் எவ்வளவு இப்படிப்பட்ட சேர்க்கை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அச்சம் ஒரு பெயரை உண்டாக்குகிறது. பெயர் பட்டியலில் ஏறியதும், அச்சத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாக ஆகிவிடுகிறது.

போர் முடிந்தது. பழைய கூட்டாளியான சோவியத் யூனியன் புதிய பகை ஆயிற்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளின் விமானப்படைகள் சேர்ந்த ஒரு குழு, சோவியத் விமானங்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை ஏற்றது. பின்னாளில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்தன. சோவியத் நாடு தன் விமானங்களின் உண்மையான எண்களை வெளியே சொல்லாது. சொன்னாலும் நம்ப முடியாது. ஆகவே இவர்களே வைத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்து 'எஃப்' போர் விமானம். 'பி' குண்டுவீச்சு விமானம். 'சி' சரக்கு விமானம். 'எச்' ஹெலிகாப்டர். அந்தந்த எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஓரசை இருந்தால் புரொப்பெல்லர் விமானம், ஈரசை இருந்தால் ஜெட். நம் வானில் பல பத்தாண்டுகள் பறந்த மிக்-21, மீன்படுகை என்று பொருள்படும் 'ஃபிஷ்பெட்' ஆனது இப்படித்தான். குண்டுவீச்சு விமானமான டியூ-95உம் அதிலிருந்து கடற்படைக்காகப் பிறந்த டியூ-142உம் 'கரடி' ஆனதற்கும் வேறு ரகசியம் இல்லை. 'பி'யில் தொடங்கும் ஓரசைச் சொல் அது. கரடியின் குணம் எதுவும் அங்கே ஆராயப்படவில்லை.

இந்தியக் கடற்படைக்கு டியூ-142 வந்தது 1988இல். முதலில் கோவாவில் இருந்தது. 1992இல் ராஜாளி தளம் தொடங்கப்பட்ட பிறகு அரக்கோணத்துக்கு வந்தது. இறக்கை முனைக்கு முனை 50 மீட்டர். நான்கு என்ஜின்கள். ஒவ்வொரு என்ஜினிலும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்கள், எதிரெதிர்த் திசையில் சுழலும். அது கிளம்பும் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் கிராமங்களில் வீட்டு ஜன்னல் அதிரும். காதில் மஃப் போட்டுக்கொண்டு நின்றாலும் நெஞ்சுக்கூட்டுக்குள் அந்த அதிர்வு இறங்கும்.

பெரிய பராமரிப்புக்கு ஹேங்கருக்குள் வரும்போது அதைப் பிரிப்போம். பேனல் பேனலாகக் கழற்றி, ஸ்குரூக்களைத் துணிப்பையில் போட்டு, எந்த பேனல் என்று அட்டை எழுதிக் கட்டுவோம். உள்ளே ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு கம்பிக்கட்டிலும் ரஷ்ய எழுத்தில் குறிகள் இருக்கும். லாக்கிங் வயரை முறுக்கும்போது அந்தக் குறிகள் கண்ணுக்கு எதிரே இருக்கும். தூரத்துத் தொழிற்சாலையில் எனக்கு முன்னால் ஒருவர் அதே இடத்தில் கை விட்டிருக்கிறார் என்பது வயர் முறுக்கிய விதத்திலேயே தெரியும். ஒருநாள், மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பையன், ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்து கேட்டான்: "சார், இதைக் கரடின்னு போட்டிருக்கானே, இதுல எங்க சார் எழுதியிருக்கு?"

"எங்கயும் இருக்காது தம்பி. அது இதுக்கு வெளியில இருந்து பார்த்தவன் வெச்ச பேரு. இதுக்கே தெரியாது" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி என்னைப் பிறகு வெகு தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த விமானத்தில் என் கை போகாத இடம் குறைவு. அதற்குள் நாகசேனர் தேருக்குள் தேடியதைப் போலத் தேடினால் கரடியும் கிடைக்காது, டியூ-142உம் கிடைக்காது. அலுமினியமும் ரப்பரும் எண்ணெயும் கிடைக்கும். அப்படியானால் 'கரடி' என்ற பெயர் வேலை செய்தது எப்படி? அட்லாண்டிக்கில் ஒரு மாலுமி அந்தப் பெயரைச் சொன்னதும், கேட்டவர்கள் எல்லோருக்கும் சரியான விமானம் விளங்கியதே, அது எப்படி?

இதற்கான விடையை அரக்கோணத்துக்குப் பக்கத்திலேயே கண்டேன். பௌத்தத் தர்க்க மேதை திக்நாகர், காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. அவருடைய கொள்கைக்கு அபோகம் என்று பெயர். ஒரு சொல் தன் பொருளை நேராகத் தொடுவதில்லை, மற்றவற்றை விலக்குகிறது, அவ்வளவுதான் என்கிறார். பசு என்ற சொல் பசுவை எடுத்துக் கையில் கொடுப்பதில்லை. பசு அல்லாத அனைத்தையும் ஒதுக்கிவிடுகிறது. மீமாம்சகர் குமாரிலரும் நியாய மரபின் உத்தியோதகரரும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பசுவைப் பார்க்காமல் பசு அல்லாததை எப்படி அறிவாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பால் கறப்பவனுக்குத் திக்நாகர் கொள்கை போதாது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் விமானத்தை அடையாளம் காண்பவனுக்கு அதைவிடச் சரியான விளக்கம் வேறு இல்லை. பயிற்சியில் கற்பிப்பதே விலக்குவதைத்தான். புரொப்பெல்லர் தெரிகிறதா? அப்படியானால் ஜெட் அல்ல. நான்கு என்ஜினா? அப்படியானால் இரட்டை என்ஜின் விமானங்கள் அல்ல. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா? நான்கு புரொப்பெல்லர் என்ஜின்கள் வைத்த மற்றப் பெரிய விமானங்களும் அல்ல. எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மிஞ்சுவது கரடி. அந்த விமானத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல்கூட இதில் வரவில்லை. வரவும் தேவையில்லை. சங்கேதப் பெயர் என்பது விலக்கும் கருவி. அதன் திறமை முழுவதும் உள்ளே போகாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே போகாத ஒரு பெயரையே நாள் முழுக்க உச்சரித்துக்கொண்டிருந்தால், உள்ளே ஒன்றும் இல்லை என்று மனம் பழகிவிடுகிறது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1945ஆம் ஆண்டு வசந்தத்தில், ஓகினாவா தீவைச் சுற்றிய கடலில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

போரின் கடைசி ஆண்டில் ஜப்பானியக் கடற்படை ஒரு கருவியைச் செய்தது. சிறிய இறக்கைகள், பின்னால் ராக்கெட்டுகள், மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து, நடுவில் ஒரு மனிதன் உட்காரும் இருக்கை. இறங்குவதற்குச் சக்கரம் கிடையாது, ஏனென்றால் இறங்கும் எண்ணம் கிடையாது. ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் அதைத் தொங்கவிட்டு எடுத்துப்போவார்கள். அந்தத் தாய் விமானத்துக்கு மெக்காய் பட்டியலில் 'பெட்டி' என்ற பெண் பெயர். அதில் வழக்கமாக ஏழு பேர். இலக்கு நெருங்கியதும் எட்டாவது ஆள் கீழே இறங்கி அந்த இருக்கையில் உட்காருவான். கொக்கி விடுபடும். ராக்கெட் எரியும். கப்பலில் மோதிச் சாவதுதான் அவனுக்கு இட்ட வேலை.

அதைச் செய்தவர்கள் வைத்த பெயர் 'ஓகா', செர்ரிப் பூ. மலர்ந்த உடனே உதிரும் அழகுக்காக ஜப்பானியர்கள் போற்றும் பூ. அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'பாகா'. அதுவும் ஜப்பானியச் சொல்தான், முட்டாள் என்று அர்த்தம். அதுவரை பகைவனின் விமானங்களுக்கு ஊர்க்காரர்களின் பெயரை வைத்தவர்கள், இந்த ஒன்றுக்கு வசைச்சொல்லைப் பகைவனின் மொழியிலிருந்தே எடுத்து வைத்தார்கள்.

இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று புகழ்ச்சி, மற்றது இகழ்ச்சி. இரண்டும் செய்த வேலை ஒன்றேதான். உள்ளே உட்கார்ந்திருந்தவனை இரண்டுமே மறைத்தன. பூ என்று சொன்னவர்கள், உதிர்வது இயல்புதானே என்று சொல்லி அவனை அனுப்பினார்கள். முட்டாள் என்று சொன்னவர்கள், அவனும் தங்களைப்போல ஒரு தாயின் பிள்ளை என்று நினைக்காமல் சுட வசதி செய்துகொண்டார்கள். சுட்டவர்களை நான் பழிக்கவில்லை. அவர்களுடைய கப்பல் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் சொந்தத் தரப்பு வைக்கும் அழகான பெயர், பகைவன் வைக்கும் அசிங்கமான பெயரைவிட உண்மையானது என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கை ஓகாவின் முன்னால் நிற்க முடியாது.

1945 மார்ச் 21இல் கியூஷூவின் கனோயா தளத்திலிருந்து, கோரோ நோனாகா என்ற அதிகாரியின் தலைமையில், 18 'பெட்டி' விமானங்கள் ஓகாவின் முதல் தாக்குதலுக்குப் புறப்பட்டன. இலக்கை அடையும் முன்பே அமெரிக்கப் போர் விமானங்கள் மறித்தன. 18இல் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அடுத்த மாதம் ஏப்ரல் 12ஆம் தேதி புறப்பட்டவர்களில் சபுரோ தோஹி என்ற இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். தற்கொலைப் படைகளோடு பணியாற்றிய இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் போருக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி வருகிறது. சக வீரர்கள் தங்கியிருந்த பாழடைந்த பள்ளிக் கட்டடத்தைச் சுத்தம் செய்து, அவர்கள் படுக்கப் பாயும் கட்டிலும் கேட்டு எழுதியிருந்தார் அவர். அன்று விமானம் ஏறுவதற்கு முன், அவை வந்து சேரும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும் வழியில் தாய் விமானத்துக்குள் படுத்துத் தூங்கினார். நேரம் வந்ததும் எழுப்பினார்கள்.

தான் இனி ஒருபோதும் படுக்கப் போகாத இடத்துக்குப் பாய் வந்ததா என்று கவலைப்பட்ட மனிதன் அவர். செர்ரிப் பூ என்ற பெயரில் அவர் இல்லை. முட்டாள் என்ற பெயரிலும் அவர் இல்லை.

அதே நாளில் ஓர் ஓகா தாக்கி அமெரிக்க டெஸ்ட்ராயர் ஒன்று மூழ்கியது. அந்தக் கப்பலின் பெயர் மேனர்ட் எல். அபெலே. 1942இல் அலூஷியன் தீவுகளுக்கு அருகே தன் நீர்மூழ்கிக் கப்பலோடும் அதிலிருந்த அத்தனை பேரோடும் காணாமல் போன ஒரு தளபதியின் பெயர் அது. ஆக, போரில் மாண்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய கப்பலை, பூவின் பெயரைத் தாங்கிய குண்டு மூழ்கடித்தது. தோஹியின் கடைசிப் பயணத்தையும் இந்தக் கப்பலின் முடிவையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.

இப்போது மிலிந்தனின் கேள்விக்கு வருகிறேன். பெயருக்குள் ஆள் இல்லை என்றால் கொலை எப்படிப் பாவமாகும்? இதை அவன் குதர்க்கமாகக் கேட்டான் என்று நான் நினைக்கவில்லை. புத்தரின் காலத்திலேயே பகுத கச்சாயனர் என்ற ஆசிரியர் இருந்தார். உலகம் ஏழு அழியாத பொருள்களால் ஆனது, கத்தி தலையை வெட்டினாலும் அது அந்தப் பொருள்களின் இடைவெளிக்குள் போய் வருகிறது, கொல்பவனும் இல்லை, கொல்லப்படுபவனும் இல்லை என்றார். பௌத்த நூல்கள் அதைத் தவறான கொள்கை என்று பதிவு செய்திருக்கின்றன. அப்படியிருந்தும், 20ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஜென் தலைவர்கள் பலர் சூனியம் என்ற தத்துவத்தையே போருக்குத் துணையாக நிறுத்தினார்கள். வாளும் சூனியம், வெட்டுபவனும் சூனியம், வெட்டுப்படுபவனும் சூனியம் என்று போதித்தார்கள். பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட 'ஜென் அட் வார்' என்ற நூல் அதை விரிவாக எடுத்துக்காட்டியது. 2001இல் மியோஷின்ஜி மடத்தின் தலைமை, போரில் தங்கள் மரபு துணைநின்றதற்கு வருத்தம் தெரிவித்தது.

இதையெல்லாம் படித்த பிறகு நாகசேனரிடம் திரும்பிப் போனேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் முதலில் என் கண்ணில் படாமலேயே இருந்தது. யாருடைய பெயரை அவர் வெறும் குறி என்றார்? தன்னுடைய பெயரை. அரசனுடைய பெயரைச் சொல்லவில்லை. எதிரே நின்ற மனிதனைக் காட்டி, நீ இல்லை என்று அவர் தொடங்கவில்லை. நான் என்று நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்று இல்லை என்று தொடங்கினார். ஞானம் முழுவதும் அந்தத் திசையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் பெயர் குறி மட்டுமே என்று நானே சொல்லிக்கொண்டால் என் அகந்தை கரையும். உன் பெயர் குறி மட்டுமே என்று துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னால் என் கை துணியும். சொற்கள் ஒன்றுதான், திசை மாறியதும் மருந்து நஞ்சாகிவிடுகிறது. பகுத கச்சாயனரும் போர்க்கால ஜென் ஆசிரியர்களும் தவறியது அந்தத் திசையில்தான்.

ஆகவே நான் கண்ட விடை இது. தன் பெயரை இலேசாகப் பிடிக்க வேண்டும், பிறன் பெயரைக் கனமாகப் பிடிக்க வேண்டும். சங்கேதப் பெயர்கள் இதைத் தலைகீழாக்குகின்றன. பகைவனின் பெயரை இலேசாக்கி, ஓரசைச் சொல்லாக்கி, வாயில் வைத்துத் துப்பும்படி ஆக்கிவிடுகின்றன. அந்த இலேசு போருக்குத் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவையான ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் உண்டு.

அந்தப் பரிகாரத்தை ஓகினாவா மக்களே செய்து காட்டியிருக்கிறார்கள். தீவின் தென்கோடியில் மாபுனி என்ற இடத்தில், கடலைப் பார்த்தபடி வரிசை வரிசையாகக் கருங்கல் சுவர்கள் நிற்கின்றன. அமைதியின் அடிக்கல் என்று அதைச் சொல்கிறார்கள். போர் முடிந்து 50 ஆண்டு ஆனபோது, 1995 ஜூன் 23 அன்று, திறந்து வைத்தார்கள். ஓகினாவா போரில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. தீவின் குடிமக்கள், ஜப்பானியப் படையினர், அமெரிக்கர்கள், பிரிட்டிஷார், கொரியர்கள், தைவான்காரர்கள் என்று நாடு பார்க்காமல், சிப்பாய் என்றும் ஊர்க்காரர் என்றும் பிரிக்காமல் எழுதியிருக்கிறார்கள். 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். யார் என்று புதிதாகத் தெரியவரும் பெயர்களைப் பின்னாலும் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். கொரியக் குடும்பங்கள் சில தங்கள் ஆட்களின் பெயரை அங்கே எழுத ஒப்பவில்லை. தங்களை அடிமைப்படுத்திய நாட்டின் கல்லில் தங்கள் பெயர் ஏன் என்று அவர்கள் கேட்டதையும் நான் மதிக்கிறேன். பெயரைக் கனமாகப் பிடிப்பது என்றால் அதுவும்தான். அந்தச் சுவர்களில் ஜீக் கிடையாது, 'பெட்டி' கிடையாது, பூவும் முட்டாளும் கிடையாது. பெற்றோர் வைத்த பெயர்கள் மட்டுமே.

டியூ-142 விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ராஜாளி தளத்தில் பணி ஓய்வு பெற்றன. அந்த இடத்தை அமெரிக்காவில் செய்த பி-8ஐ என்ற விமானம் எடுத்துக்கொண்டது. கரடி என்று பெயர் வைத்து எந்த விமானத்தை அவர்கள் கண்காணித்தார்களோ, அது நின்ற அதே தளத்தில் அவர்களுடைய விமானம் நிற்கிறது. நாடுகளின் பகையும் நட்பும் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறும். இன்றைக்கு நாம் பகை என்று பட்டியல் போடுவது நாளைக்கு நம் ஹேங்கருக்கே வரலாம். பட்டியலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க இது ஒன்றே போதும்.

பகைவனின் விமானங்களை அடையாளம் காணக் கற்பிக்கும் வகுப்புகள் எல்லா நாட்டிலும் நடக்கின்றன, நடக்கத்தான் வேண்டும். நிழலுருவத்தைக் காட்டி, என்ன விமானம் என்று கேட்பார்கள். வேகம் என்ன, ஆயுதம் என்ன, எவ்வளவு தூரம் பறக்கும் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். அந்த விவரப் பட்டியலில் உள்ளே எத்தனை பேர் என்ற வரியும் எப்போதும் இருக்கும், பெரும்பாலும் யாரும் கேட்காத வரியாக. பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெயரைக் கேட்ட உடனே, வேகத்தையும் ஆயுதத்தையும் கேட்பதற்கு முன்னால், அந்த வரியைக் கேளுங்கள். 'பெட்டி' என்று பதில் வந்தால், உள்ளே ஏழு பேர் என்பதும் அதே மூச்சில் வரட்டும். சுட வேண்டிய நேரத்தில் பையன் சுடத்தான் செய்வான். ஆனால் எதைச் சுட்டோம் என்று பின்னால் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ள மாட்டான்.